வழக்கு ஆவணங்களை அஞ்சலில் அனுப்பலாமா: வேலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் ஒருவரின் குமாஸ்தாவாக இருக்கும் நான், வாரந்தோறும் வக்கீல் நோட்டீசுகளை அஞ்சலில் சேர்த்து வருகிறேன். அனுப்பியதற்கான சாட்சியம் என்ற வகையில் அஞ்சல் துறைக்கு இணையான சேவை வேறில்லை என்பதே என் கருத்து. சட்டப்படி அஞ்சலில் அனுப்ப வேண்டிய ஆவணத்தைச் சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்திப் பதிவு அஞ்சலில் அனுப்பினால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அது உரிய காலத்தில் சேர்ந்ததாகவே 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் 27ஆம் பிரிவு கருதுகிறது. 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்புடன் உறை திரும்பினாலும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அதைச் சார்பு செய்ததாகவே, அதாவது உரியவரிடம் முறைப்படி சேர்ப்பித்ததாகவே, ஏற்கின்றன. அந்த உறையைப் பிரிக்காமல் ரசீதோடு பத்திரப்படுத்த வேண்டும்.

தொலைந்தால் முழு ஈடு கிடைக்கும் என்று நம்பி அனுப்புவதற்கு மட்டும் இது ஏற்ற வழியன்று. 1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 6ஆம் பிரிவு துறைக்கு அளித்திருந்த பாதுகாப்பை, 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ள 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் 10ஆம் பிரிவில் தொடர்கிறது: விதிகளில் ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் துறைக்குப் பொறுப்பில்லை, மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தாலொழிய ஊழியரும் பொறுப்பாகார். ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் செலுத்திய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே ஈடு என்பது நெடுங்காலம் இருந்துவந்த விதி. கட்டணம் வாங்கும் ஒரு சேவைக்கு இவ்வளவு பெரிய விலக்கு இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. காட்பாடியிலிருந்து வந்த கட்சிக்காரர் ஒருவர் அசல் கிரயப் பத்திரத்தையே உறையிலிட்டுக் கொண்டுவந்தபோது, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி அனுப்பும்படி சொன்னேன். அசலையே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இன்ஷூர் செய்து அனுப்புவதே முறை.

அப்படியும் வழக்குத் தொடர நேர்ந்தால், உள்ளூர் அஞ்சல் அதிகாரியின் பெயரை மட்டும் எதிர்வாதியாகக் காட்டுவது போதாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 79ஆம் பிரிவின்படி 'இந்திய ஒன்றியம்' என்றே குறிப்பிட வேண்டும். அதற்கு முன் 80ஆம் பிரிவின்படி மத்திய அரசின் செயலருக்கு நோட்டீஸ் கொடுத்து 2 மாதம் காத்திருக்க வேண்டும். அவசரமான நிவாரணம் வேண்டுவோர் நீதிமன்ற அனுமதியுடன் நோட்டீசின்றியே வழக்கிடலாம். வழக்கிடுவதற்கான கெடுவைக் கணக்கிடும்போது இந்த நோட்டீஸ் காலம் கழிக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சிறு தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே எளிது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடிதம் எங்கே தொலைந்திருந்தாலும் வேலூரில் குடியிருப்பவர் வேலூரிலேயே புகார் அளிக்கலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை. கெடு 2 ஆண்டு. பொறுப்பு விலக்குப் பிரிவை அங்கும் துறை எடுத்துக்காட்டும் என்பதால், ரசீது, இணையத்தில் எடுத்த டிராக்கிங் பதிவு, துறைக்குக் கொடுத்த புகாரின் எண் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே சேர்த்து வைத்திருப்பவரின் மனுதான் அங்கே நிற்கும்.