பெரிய கான்கிரீட் தூணின் வலிமையை எதைக் கொண்டு அளப்பது: கியூப், ஹேமர், மீயொலி, கோர்?

ஒரு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உள்ள தூணை ஒரே நாளில், ஒரே கலவையில் வார்த்தாலும் அடியில் இருக்கும் வலிமை உச்சியில் இருப்பதில்லை. மேலே விழும் கான்கிரீட்டின் எடை கீழ்ப்பகுதியை இறுக்க, ஜல்லி தாழ்ந்து நீர் மேலேறுவதால், உச்சியின் வலிமை 25 விழுக்காடு வரை குறையலாம். நலிவு பெரும்பாலும் மேல் 300 மி.மீ.க்குள் திரண்டிருக்கும். உத்திரம் வந்து அமரும் இடமும் அதுவே. போதாக்குறைக்கு, சிமெண்டின் வெப்பத்தால் சூடேறும் நடுப்பகுதி, தொடக்கத்தில் விரைந்து வலுத்தாலும் நாளடைவில் பின்தங்கக்கூடும்.

அதே கலவையில் தனியே வார்த்து, 27 டிகிரி நீரில் 28 நாள் ஊறவைத்து நசுக்கிப் பார்க்கும் 150 மி.மீ. கனசதுரக் கட்டியான கியூப், கலவையின் தரத்தைச் சொல்லுமே தவிர, தூணின் உள்நிலையைச் சொல்லாது. பரப்பில் மோதித் திரும்பித் தெறிக்கும் அளவைக் கொண்டு வலிமையைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹேமரோ, மேற்பரப்பை ஒட்டிய சில சென்டிமீட்டரை மட்டுமே உணர்கிறது. அதன் மதிப்பீட்டில் 25 விழுக்காடு வரை பிழை வரலாம். நாம் தேடும் வேறுபாடே அவ்வளவுதான் என்பதால், பெரிய தூண்களுக்கு இதை மட்டும் நம்புவதை நான் ஏற்பதில்லை.

மீயொலிச் சோதனையில், காதுக்குக் கேட்காத உயர் அதிர்வொலி தூணின் எதிரெதிர் முகங்களுக்கிடையே உள்ளே புகுந்து செல்லும் வேகத்தை அளக்கிறோம்; வேகம் மிகுந்தால் நல்ல கான்கிரீட், தாழ்ந்தால் ஐயத்திற்குரியது. ஆனால் கம்பி வழியே ஒலி விரைந்து ஓடிவிடுவதால் நெருங்கிய கம்பிக்கட்டில் அளவு பொய்யாக உயரும். வலிமையை நேரடியாகவும் அது தராது. ஆனாலும் எங்கே பலவீனம் என்று காட்டுவதற்கு இந்த நான்கில் அதைவிடச் சிறந்தது இல்லை.

இறுதித் தீர்ப்பு, தூணிலிருந்தே துளைத்தெடுத்து நசுக்கிப் பார்க்கும் உருளைத் துண்டான கோருடையது. அடியிலும் உச்சியிலும் எடுத்த இரு கோர்களை ஈரத்துணியால் துடைத்து அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன்: அடிக்கோரில் ஜல்லி நெருக்கி நிறைந்திருந்தது, உச்சிக்கோரில் சாந்தே மிகுந்து, ஒவ்வொரு ஜல்லியின் கீழும் நீர் தேங்கிய பிறைவடிவ இடைவெளி தெரிந்தது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456 குறைந்தது மூன்று கோர்களைக் கேட்கிறது. கியூபுக்கு நிகராகக் கணக்கிட்ட அவற்றின் வலிமை, சராசரியில், குறிப்பிட்ட தரத்துக்குரிய கியூப் வலிமையின் 85 விழுக்காட்டை எட்ட வேண்டும், எந்த ஒன்றும் 75க்குக் கீழே போகக்கூடாது. அந்த மூன்றையும் நின்றபடியே கை எட்டும் உயரத்தில் எடுத்து முடித்துவிடும் வழக்கம்தான் என்னை வருத்துகிறது, ஏனெனில் அங்கே கிடைக்கும் எண் உச்சியின் நிலையை மறைத்துவிடும். முதலில் மீயொலியால் அடிமுதல் உச்சிவரை அளந்து, வேகம் தாழ்ந்த இடத்தில், கம்பியை வெட்டாமல், ஒரு கோராவது சாரம் கட்டி ஏறி எடுக்க வேண்டும்.