உதரவிதான ஓட்டை: ஸ்கேனில் எந்த அளவை நம்புவது?

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்புதான் உதரவிதானம். கருவில் அதில் ஓட்டை இருந்தால் குடல், இரைப்பை, சில சமயம் கல்லீரல்கூட மார்புக்குள் ஏறிவிடும். நுரையீரலுக்கு வளர இடம் இருக்காது. ஓட்டையைப் பிறந்தபின் தைத்துவிடலாம். குழந்தை பிழைப்பது பெரும்பாலும் நுரையீரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை வயிற்றிலேயே கணிக்கச் சில அளவுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே தரமல்ல.

மூத்தது 1996-இல் வந்த எல்ஹெச்ஆர் (LHR), அதாவது நுரையீரல்–தலை விகிதம். இதயத்தின் நான்கு அறைகளும் தெரியும் குறுக்குவெட்டில், ஓட்டைக்கு எதிர்ப்பக்க நுரையீரலின் பரப்பை அளந்து தலைச்சுற்றளவால் வகுப்பார்கள். 1-க்குக் கீழே என்றால் மோசம், 1.4-க்கு மேலே என்றால் நல்லது என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். சிக்கல் என்னவென்றால், 12-ஆவது வாரத்திலிருந்து 32-ஆவது வாரத்துக்குள் நுரையீரல் பரப்பு 16 மடங்கு பெருகுகிறது, தலைச்சுற்றளவோ 4 மடங்குதான். 22 வாரத்தில் வந்த 1.2-ம் 32 வாரத்தில் வந்த 1.2-ம் ஒன்றல்ல, பிந்தையதுதான் கவலைக்குரியது. இந்த எண்ணை மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை நான் பாதி ரிப்போர்ட் என்றுதான் சொல்வேன்.

அதைச் சரிசெய்ய வந்தது ஓ/ஈ எல்ஹெச்ஆர் (O/E, அளந்தது/எதிர்பார்த்தது). அதே வாரத்து ஆரோக்கியமான கருவுக்கு இருக்க வேண்டிய அளவில் இந்தக் கருவுக்கு எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்ப்பது. இடப்பக்க ஓட்டையில் 25%-க்குக் கீழே கடுமை, 25 முதல் 35 வரை நடுத்தரம். சிகிச்சை முடிவே இதை ஒட்டித்தான். 2021-இல் வெளியான டோட்டல் (TOTAL) என்ற ஆய்வில், கடுமையான பிரிவில் நுரையீரல் வளர வேண்டி மூச்சுக்குழாயில் பலூன் வைத்த கருக்களில் 40% உயிரோடு வீடு திரும்பின, வைக்காதவற்றில் 15%. நடுத்தரப் பிரிவில் வைத்தவற்றில் 63%, வைக்காதவற்றில் 50%. அந்த வித்தியாசம் உறுதியானதாக நிற்கவில்லை. பலூன் வைத்தால் குறைப்பிரசவ அபாயமும் கூடும்.

ஆக 24-ஆ 27-ஆ என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அளக்கும் முறை மாறினாலே எண் மாறும். நுரையீரலின் ஓரத்தைச் சுற்றி வரைந்து அளப்பதே நம்பகம். நீள அகலத்தைப் பெருக்கினால் பரப்பு கூடுதலாக வரும். எப்படி அளந்தீர்கள் என்று ஸ்கேன் மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை. வலப்பக்க ஓட்டைக்கு இதே எல்லைகள் பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கல்லீரல் மேலேறியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஏறியிருந்தால் நிலைமை மோசம். டோட்டல் ஆய்விலும் 35 முதல் 45% வரை உள்ள கருக்கள், கல்லீரல் ஏறியிருந்தால் நடுத்தரப் பிரிவில்தான் சேர்ந்தன. ஸ்கேனில் கல்லீரலும் நுரையீரலும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம்; ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் கல்லீரல் ரத்தக் குழாய்களைத் தொடர்ந்து பார்த்தால்தான் பிடிபடும்.

எம்ஆர்ஐ இரண்டு நுரையீரல்களின் கொள்ளளவையும், மேலேறிய கல்லீரலின் அளவையும் தரும். தாயின் உடல்பருமனாலோ பனிக்குட நீர் குறைவாலோ ஸ்கேன் தெளிவில்லை என்றால் நல்ல துணை. முதல் தேர்வாக நான் வைப்பது ஓ/ஈ எல்ஹெச்ஆரும் கல்லீரல் நிலையும் சேர்ந்த கணிப்பைத்தான்.

ஒன்று: இதெல்லாம் வேறு குறை இல்லாத கருவுக்கான கணக்கு. இதயக் குறையோ குரோமோசோம் கோளாறோ சேர்ந்தால் இந்தச் சதவீதங்கள் நிற்காது. பிறந்தபின் வரும் நுரையீரல் உயர் ரத்த அழுத்தத்தையும் இந்த அளவுகள் எதுவும் சரியாக முன்கூட்டிச் சொல்வதில்லை.