முதல் பணம் எந்தக் கேள்விக்கு?

பிள்ளைகளின் கற்றல் அடைவை உயர்த்த ஒரு நாடு ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்போது, எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது, அதை யார் கேட்பது என்பதிலேயே பாதி விளைவு முடிவாகிவிடுகிறது. அமெரிக்கா இதில் இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்திருக்கிறது.

முதல் வழியில் கேள்வி மேலிருந்து வரும். 2002-இல் வந்த சட்டம், கூட்டாட்சி அரசின் கல்வி ஆய்வு அமைப்பான கல்வி அறிவியல் நிறுவனத்தை உருவாக்கியது. இயக்குநர் முன்னுரிமைகளை முன்மொழிவார். ஒரு தேசிய வாரியம் ஒப்புதல் தரும். முதல் இயக்குநர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் காலத்தில் குலுக்கல் முறைச் சோதனைக்குத்தான் முதல் மரியாதை. மருந்தைச் சோதிப்பதுபோலப் புதிய பாடமுறையைக் குலுக்கலில் பிரித்த ஒரு குழுவுக்குக் கொடுத்து, இன்னொரு குழுவோடு ஒப்பிடுவார்கள்.

இந்த முறையின் பலத்தை நான் மதிக்கிறேன். இதற்கு நல்ல உதாரணம் டென்னசி மாநிலம் 1985 முதல் 1989 வரை நடத்திய சோதனை. அதில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பங்கேற்றார்கள். சிலர் 13 முதல் 17 பேர் இருந்த வகுப்பில், சிலர் 22 முதல் 25 பேர் இருந்த வகுப்பில். சிறிய வகுப்பில் படித்தவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். குலுக்கல் இல்லாமல் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் 1996-இல் கலிஃபோர்னியா தொடக்க வகுப்புகளை 20 பேராகக் குறைக்கும் பள்ளிகளுக்குப் பணம் தந்தபோது, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முழுத் தகுதி பெறாத பலர் வகுப்புக்குள் வந்தார்கள். ‘சிறிய வகுப்பு நல்லது’ என்ற பதில் கையில் இருந்தது. ‘ஆசிரியருக்கு எங்கே போவது’ என்ற கேள்வியை அந்தச் சோதனை எடுக்கவே இல்லை.

இன்னொரு எண்ணும் மனதை உறுத்துகிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்த 141 பெரிய சோதனைகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வில், சராசரிப் பலன் 0.06 திட்ட விலக்கம். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை இரண்டு இடம் முன்னே நகர்வது போல. இத்தனை செலவுக்குப் பிறகு கிடைப்பது இவ்வளவுதான் என்றால், சோதிக்க எடுத்த பொருள்களையே சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி பள்ளிகளிலிருந்து வரும் இரண்டாவது வழி சிகாகோவில் நடந்தது. 1990-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ஓர் ஆய்வுக் கூட்டமைப்பு அமைந்தது. நகரப் பள்ளிகளின் தரவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படித்தார்கள். கேட்ட கேள்வி எளிமையானது: உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் போகும் பிள்ளையை எப்போது அடையாளம் காணலாம்?

பதில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தது. ஆண்டு முடிவில் ஐந்து பாடங்களுக்கான தகுதிப் புள்ளிகள் கையில் இருந்து, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாத மாணவர், மற்றவரைவிட மூன்றரை மடங்கு அதிக வாய்ப்போடு நான்கு ஆண்டில் பள்ளியை முடிக்கிறார். எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட இது நம்பகமான குறி. பிறகு இந்தத் தகவல் பள்ளிகளுக்குப் பெயர்ப் பட்டியலாகவே போனது: யார் வகுப்புக்கு வரவில்லை, யார் எந்தப் பாடத்தில் விழப்போகிறார். ஓர் ஆசிரியர் அடுத்த நாளே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசலாம். 2007-இல் சுமார் 57 விழுக்காடாக இருந்த, இந்த அளவுகோலின்படி ‘சரியான தடத்தில்’ உள்ள ஒன்பதாம் வகுப்பினரின் பங்கு 2013-இல் 82 ஆனது.

குறை இதிலும் உண்டு. உயர்வுக்குப் பட்டியல்தான் காரணம் என்று யாரும் நிரூபித்துவிட முடியாது. ஆசிரியர்கள் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போட்டார்களா என்ற கேள்வியும் நியாயமானதே. அதைத் தீர்க்க முதல் வழியின் கறாரான அளவீடு வேண்டும்.

ஆனாலும் வரிசை முக்கியம். எதைச் சோதிக்கலாம் என்பதைப் பள்ளி சொல்லட்டும். உண்மையா என்பதைச் சோதனை சொல்லட்டும். இதைத் தலைகீழாகச் செய்தால், வகுப்பறையில் யாரும் கேட்காத கேள்விகளுக்குத் துல்லியமான பதில்கள் குவியும். சிகாகோக் கூட்டமைப்பை நடத்திய ஜான் ஈஸ்டனே 2009-இல் கல்வி அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அவர் காலத்தில் ஆய்வாளரும் கல்வி நிர்வாகமும் சேர்ந்து விண்ணப்பிக்கும் கூட்டு நிதித் திட்டம் வந்தது. முன்னுரிமைப் பட்டியலில் அப்படிப்பட்ட திட்டத்துக்குக் கடைசி வரியில் இடம் தருவது போதாது. முதல் பணம் அதற்குத்தான் போக வேண்டும்.