ரேஸ் குதிரைக்கு 90 நாள் கடற்கரை ஓய்வு: பணத்துக்குத் தகுமா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் வழியில், கடலோரமாக இருக்கிறது இந்த லாயம். கால் கெட்டு வரும் ரேஸ் குதிரைகளை 90 நாள் வைத்திருந்து தேற்றித் திருப்பி அனுப்புவதுதான் இவர்கள் தரும் சேவை. மாதக் கட்டணத்தில் தீவனமும், சைஸ் எனும் குதிரை பராமரிப்பாளரின் கூலியும் அடக்கம். லாடம், டாக்டர், ஸ்கேன் எல்லாம் தனி. ரேஸிலிருந்து கழித்த குதிரையைச் சவாரிக்கு வாங்கியவர்களும் இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள்.

குளம்பு வேலையில் குறை சொல்ல முடியாது. சைஸ்களும் கெட்டிக்காரர்கள். இடிப்பது அந்த 90 நாள் கணக்குதான். டெண்டன் காயத்துக்கு அது போதாது, ஷின் எனும் முன்னங்கால் எலும்பு வலிக்கு அது அதிகம்.

டெண்டன் என்பது முன்னங்கால் முட்டிக்குக் கீழே, பின்பக்கமாகக் கயிறு போல இறங்குவது. முழு வேகத்தில் ஒரு முன்னங்கால் ஊன்றும்போது உடல் எடையில் சுமார் இரண்டரை மடங்கு அந்தக் காலின்மேல் ஏறும். 450 கிலோ குதிரைக்கு இது ஒரு டன்னுக்கு மேல். ஓட்டத்தில் டெண்டனின் நடுப்பகுதி 45 டிகிரி வரை சூடேறுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அறுந்த இழை ஆறினாலும் பழைய இழை திரும்ப வராது. வருவது விறைப்பான தழும்புத் திசு. அது சுமை தாங்கப் பழக 9 முதல் 12 மாதம் ஆகும். முதல் மூன்று மாதம் கையில் பிடித்து நடை மட்டும், அதுவும் நாளுக்கு 10 நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி. அதன்பிறகு ஸ்கேன் பார்த்து டிராட் (துள்ளுநடை). ஆறாவது மாதம் தாண்டினால்தான் கேண்டர் (மிதமான பாய்ச்சல்). அதாவது லாயத்தின் கணக்குப்படி குதிரை வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் டெண்டன் கணக்குப்படி முதல் டிராட்.

இங்கே நடப்பது வேறு. ஆறு வாரத்தில் வீக்கம் வடிந்து, சூடு இறங்கி, நொண்டலும் நின்றுவிடுகிறது. உடனே "சரியாகிடுச்சு" என்று பத்தாவது வாரமே கேண்டர் விடுகிறார்கள். நொண்டாத கால் எல்லாம் ஆறிய கால் இல்லை. ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்டால், கொள்ளுக்கு வாயைத் திறந்து கடிவாளத்துக்கு மூடும் கதைதான். டெண்டன் கேஸ் அனுப்புபவர்கள் 90 நாளை மறந்துவிட்டு, கேண்டருக்கு முன் ஸ்கேன் கட்டாயம் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஷின் கதை இதற்கு நேர் எதிர். இரண்டு வயதுக் குதிரைக்கு முன்னங்கால் கேனன் எலும்பின் (முட்டிக்குக் கீழுள்ள நீண்ட எலும்பு) முன்பக்கம் வலித்து வீங்குவதை ரேஸ்காரர்கள் சோர் ஷின் என்பார்கள். எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்றபடி தன்னையே மாற்றிக் கட்டிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், மெதுவான கேண்டரில் அந்த எலும்பில் விழும் அழுத்தத்தின் திசை வேறு, ரேஸ் வேகத்தில் விழும் திசை வேறு. மாதக்கணக்கில் மெதுவாக மட்டும் ஓடிய எலும்பு, மெதுவான ஓட்டத்துக்கே தயாராகியிருக்கும். திடீரென்று 600 மீட்டரை 40 விநாடியில் விட்டால் தாங்காது.

இதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வகுத்த முறை எளிமையானது. முதல் ஐந்து வாரம் தினம் ஒரு மைல், ஃபர்லாங்குக்கு (மைலில் எட்டில் ஒரு பங்கு) 18 விநாடி. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடைசி ஒரு ஃபர்லாங்கை 15 விநாடியில் முடிக்க வேண்டும். அடுத்த ஐந்து வாரம் அந்த ஒரு ஃபர்லாங் இரண்டாகும், 30 விநாடி. வேகமாக விடுவது கொஞ்ச தூரத்துக்குத்தான், ஆனால் தவறாமல். இந்த லாயத்திலோ ஷின் வந்த குட்டியையும் தினம் நான்கு கிலோமீட்டர் மணலில் ஃபர்லாங்குக்கு 25 விநாடி கணக்கில் ஓட்டிவிட்டு, "ஃபிட்" என்று அனுப்புகிறார்கள். மூச்சும் சதையும் தேறியிருக்கும். எலும்புக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஷின்னுக்குச் சில வார ஓய்வே போதும், பிறகு அளந்த வேகம் வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா நின்ற குதிரைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஓய்வு முடிந்து திரும்பிய முதல் சில வாரங்களில் தோளுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிவது கூடுகிறது என்று கலிபோர்னிய ஆய்வுகள் காட்டின. உடல் முதலில் பழைய எலும்பைக் கரைக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும்; அந்த இடைவெளியில்தான் எலும்பு பலவீனமாக இருக்கும். ஆகவே இங்கிருந்து திரும்பும் குதிரையை டிரெய்னர் முதல் மாதம் பொறுமையாகக் கையாள வேண்டும். லாயம் கையில் ஒரு தாள் கொடுத்தனுப்பினால் உதவும்: எத்தனை நாள் நடை, எத்தனை நாள் டிராட், என்ன வேகம். அப்படி ஒரு பதிவேடே இவர்களிடம் இல்லை. சேணத்தில் ஒரு போனைக் கட்டிவிட்டாலே வேகத்தை ஜிபிஎஸ் சொல்லிவிடும்.

(இரண்டு வயதில் ஓடவிட்டால் கால் போய்விடும் என்று இங்கேயும் ஒரு பேச்சு. இரண்டு வயதில் ரேஸ் தொடங்கிய குதிரைகள் அதிக காலம் ஓடியதாகவே பல நாட்டுப் பதிவுகள் சொல்கின்றன. நல்ல காலுள்ளதுதான் அந்த வயதில் ஓட முடியும் என்பதும் அதில் ஒரு காரணம்.)

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது கடலைத்தான். காலையில் 20 நிமிடம் முட்டியளவு தண்ணீரில் நிற்க வைக்கிறார்கள். பார்க்க அழகு. வங்கக் கடல் இங்கே பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி. புதுக் காயத்துக்குத் தேவையான குளிர்ச்சி அதில் கிடையாது. காயம்பட்ட முதல் இரண்டு மூன்று நாளுக்கு ஐஸ்தான் வேண்டும். புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் உடைத்த ஐஸ் மூட்டை மூட்டையாகப் போகிறது. ஒரு வாளி வாங்கிக் காலை அதில் நிறுத்தினால் கடலைவிடப் பலன் அதிகம்.

மணலைக் குளம்புத் தடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். தடம் ஒரு அங்குலம் பதிந்து ஓரம் உடையாமல் நின்றால் நல்ல தரை. குளம்பு முழுதும் புதைந்தால் டெண்டனுக்கு வேலை இரட்டிப்பு. லாயத்தை ஒட்டிய கரை அரிப்பில் குறுகி, கடலை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. ஒரே திசையில் நடத்தினால் எப்போதும் ஒரு பக்கத்துக் கால் மேட்டிலும் மறுபக்கத்துக் கால் பள்ளத்திலுமாக இருக்கும். போன வழியே திருப்பிக் கொண்டுவந்தால் இரண்டு பக்கமும் சமமாகும். இவர்கள் போவது மணலில், திரும்புவது தார் ரோட்டில். கடலூர் தேவனாம்பட்டினம் போல அகலமான, மட்டமான கரைக்கு வண்டியில் ஏற்றிப் போனால் இந்தத் தலைவலியே இல்லை.

தீவனத்தில்தான் பெரிய கோட்டை விட்டிருக்கிறார்கள். கறவை மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் புல்லும், கூடவே கோதுமைத் தவிடும். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பத்து மடங்கு. இரண்டும் சேர்ந்தால் உடல் தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். முகத்து எலும்பு உப்பும், இடம் மாறி இடம் மாறி நொண்டும். எலும்பைத் தேற்ற அனுப்பிய இடத்தில் இப்படி! தவிட்டை நிறுத்தி, குதிரைமசால் உலர்புல் இரண்டு மூன்று கிலோ, நேப்பியருக்குப் பதில் வேறு புல், தினம் 50 கிராம் உப்பு என்று மாற்றச் சொன்னால் மறுக்காமல் செய்கிறார்கள். சொன்னால்தான் செய்கிறார்கள்.

லாடக்காரர் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். ரேஸ் அலுமினிய லாடத்தைக் கழற்றி, குளம்பின் நீண்டுபோன முன்விளிம்பைச் சீவி, சரிந்த குதியை மெல்ல மெல்ல மீட்கிறார். முன்விளிம்பு நீண்டு குதி தாழ்ந்தால் டெண்டன் எந்நேரமும் இழுபட்டே இருக்கும், ஆகவே இந்த ஒரு வேலைக்கே காசு கொடுக்கலாம். காலையில் சைஸ்கள் கால் பார்ப்பதும் அருமை. நடைக்கு முன்பே இரண்டு கேனனின் பின்பக்கத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் மேலிருந்து கீழே தடவி, சூட்டை ஒப்பிடுகிறார்கள்; பிறகு காலை மடக்கித் தூக்கி, டெண்டனை விரலிடுக்கில் மெதுவாகக் கிள்ளுகிறார்கள். குதிரை வெடுக்கென்று இழுத்தால் அன்றைக்கு வேலை ரத்து.

குளம்பு கெட்டது, உடல் இளைத்தது, ரேஸ் விட்டுச் சவாரிக்கு மாறுவது: இவற்றுக்குத் தாராளமாக அனுப்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். மழையில் கட்டுத்தறி சேறாகி, குளம்படி ஒரு வாரத்தில் அழுகி நாற ஆரம்பித்துவிடும். தை பிறந்தபின் அனுப்பினால் கரையும் காய்ந்திருக்கும்.