லிப்பிட் ப்ரொஃபைல் பேக்கேஜ்: ஐந்து மதிப்பெண்ணில் ஊசிக்கு நாலரை, ரிப்போர்ட்டுக்கு இரண்டு

மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு லேப். அங்கே எடுக்கும் லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது ரத்தத்தில் உள்ள கொழுப்புகளை அளக்கும் பரிசோதனை பற்றியது இது. பெயர் வேண்டாம், இந்தக் குறை இன்னும் பல லேப்களில் இருக்கிறது.

ரத்தம் எடுப்பதில் நல்ல கவனம். வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்துத்தான் எடுக்கிறார்கள். நின்றுகொண்டே இருந்தவருக்கு ரத்தம் சற்று அடர்ந்து, கொலஸ்ட்ரால் கூடுதலாகக் காட்டும். கையில் கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலும் அப்படித்தான். இங்கே ஊசி ஏறியதும் தளர்த்திவிடுகிறார்கள்.

சிக்கல் ரிப்போர்ட்டில் நார்மல் ரேஞ்ச் அச்சிடும் கடைசிக் கட்டத்தில். ‘நம்மூர் மக்களுக்கேற்ற நார்மல் ரேஞ்ச்’ என்று விளம்பரம். அதன்படி ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல், 40 இருக்க வேண்டிய இடத்தில் 33 உள்ள ஆணுக்கும் ‘நார்மல்’ என்றே அச்சாகிறது.

ரேஞ்ச் போடும் முறை இதுதான்: குறைந்தது 120 ஆரோக்கியமானவர்கள் வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும் அளவு என்றால் தனித்தனியே 120. சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து), ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் காய்ச்சல் வந்தவர்கள் எல்லோரையும் கழிக்க வேண்டும். மிஞ்சியவர்களின் அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கினால் மூன்றாவது எண் கீழ் எல்லை, 118-வது மேல் எல்லை; அதாவது நடுவில் உள்ள 95 சதவீதம் பேரின் அளவுதான் ரேஞ்ச். பரிசோதனைக்கு வந்தவர்களின் பழைய ரிப்போர்ட்டுகளைக் கூட்டிப் போட்டு ரேஞ்ச் எடுத்தால் நோயாளிகளும் அதற்குள் வந்துவிடுவார்கள். யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று இந்த லேப் எங்கும் சொல்லவில்லை.

முறைப்படி எடுத்திருந்தாலும் கொலஸ்ட்ராலுக்கு அது உதவாது. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகரில் நடந்து 2014-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வில் 72.3 சதவீதம் பேருக்கு எச்டிஎல் குறைவு. பத்தில் ஏழு பேருக்கு இருக்கும் குறையை அளவுகோலாக வைத்தால் குறையே ‘நார்மல்’ ஆகிவிடும். ரத்தத்தில் உள்ள சோடியம் போன்றவற்றுக்கு ஊர் மக்களின் நடு 95 சதவீதத்தை எடுக்கலாம். லிப்பிடுக்கு மாரடைப்பு அபாயத்தை வைத்து வகுத்த எல்லைகள்தான் வேண்டும்: பொதுவாக எல்டிஎல் (‘கெட்ட கொலஸ்ட்ரால்’) 100-க்குக் கீழ், ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 150-க்குக் கீழ், எச்டிஎல் ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50-க்குக் குறையாமல். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும், அவருக்கு இந்தக் கட்டமே பொருந்தாது. கர்ப்பிணிகளிடமிருந்தே தனியாக எடுத்த உள்ளூர் ரேஞ்ச் கர்ப்பிணிகளுக்குப் பயன்படும், அவர்களுக்கு ட்ரைகிளிசரைடு இயல்பாகவே இரண்டு மூன்று மடங்கு ஏறும்.

நான்-எச்டிஎல், அதாவது மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல் போக மீதியை அச்சிடாதது இன்னொரு குறை. மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 260 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து வருவதையும் கழிக்கும் ஃப்ரீட்வால்ட் கணக்கில் எல்டிஎல் 120, பார்க்கப் பரவாயில்லை போலத் தோன்றும். 210-இல் 38 போனால் நான்-எச்டிஎல் 172. இருக்க வேண்டியது 130-க்குள். இந்தக் கழித்தலை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் ஃப்ரீட்வால்ட் கணக்கே செல்லாது. அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளந்து தரச் சொல்ல வேண்டும். இங்கே எந்த முறையில் வந்த எண் என்ற குறிப்பே இல்லை.

12 மணி நேரப் பட்டினியை எல்லோருக்கும் கட்டாயமாக்குவதையும் விடலாம். இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் முதல் பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஏற்கிறது. இன்சுலின் போடும் பெரியவர்களைக் காலை பத்து மணி வரை வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார வைப்பது ஆபத்து.

ஐந்துக்கு, ஊசிக்கு 4.5, ரிப்போர்ட்டுக்கு 2. ரத்தம் கொடுக்க இங்கே போகலாம். ரிப்போர்ட்டில் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தை மறைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.