கூலிங் பேப்பரா, செராமிக்கா, வலையா? சேலம் வெயிலுக்கும் ஏற்காடு பனிக்கும்

சித்திரை வெயிலில் ஐந்து ரோடு பக்கம் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் சீட் பெல்ட் கொக்கி கையைச் சுட்டுவிடும். கார் வாங்கிய கையோடு நாம் கூலிங் பேப்பர் கடையைத் தேடுவது அதனால்தான். நானும் ஒட்டினேன், கன்னங்கரேலென்று.

முதலில் அந்தக் கறுப்பு ஃபிலிம். விலை குறைவு, வெளியிலிருந்து உள்ளே தெரியாது. ஆனால் வெயிலின் சூட்டில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மலிவான ஃபிலிம் வெளிச்சத்தைத்தான் பெரிதும் குறைக்கும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. பனி இறங்கிய ஒரு மாலையில் சைடு மிர்ரர் எனக்குத் தெரியவே இல்லை. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டித்தான் வளைவு திரும்பினேன். பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளே உரித்தேன். பின்கண்ணாடியில் பனியைப் போக்கும் கம்பிக்கோடு இரண்டு, பசையோடு கையில் வந்துவிட்டது.

சட்டமும் இதற்கு எதிர்தான். 2012 ஏப்ரலில் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், எத்தனை சதவீத வெளிச்சம் விடுவதாக இருந்தாலும் கண்ணாடிமேல் கறுப்பு ஃபிலிமோ வேறு எந்தப் பொருளோ ஒட்டக்கூடாது என்றது.

செராமிக் ஃபிலிம் நிறம் வெளிறியது, அகச்சிவப்பை நன்றாகத் தடுக்கும், விலைதான் கடிக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 100-ன்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத வெளிச்சமும் விட வேண்டும். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடியையும் ஏற்கிறது. அதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இந்த அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் கூடாது என்றது. நம்மூரில் அதை எடுத்துச் சொல்லி வாதாடலாம். ஆனால் தமிழ்நாட்டை அது கட்டுப்படுத்தாது.

கடையில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஃபிலிம் சுருளில் '50' என்று போட்டிருப்பது ஃபிலிமின் கணக்கு மட்டும். கம்பெனியிலிருந்து வரும் பச்சைச் சாயல் கண்ணாடியே 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 50 ஒட்டினால் மிஞ்சுவது 37.5, சட்டத்துக்கு வெளியே. 70 ஒட்டினால் 52.5. பக்கக் கண்ணாடிக்கு மயிரிழையில் தப்பும், முன்கண்ணாடிக்குத் தேறாது.

கழற்றி மாட்டும் வலை காசுக்கு மலிவு. நிறுத்தியிருக்கும்போது மாட்டலாம், ஓடும்போது கழற்றிவிட வேண்டும்.

என் இப்போதைய காரில் முன்னும் பின்னும் வெறும் கண்ணாடி, பக்கங்களில் மட்டும் லேசான செராமிக். சேலத்துக்கும் மலைக்கும் போய்வருகிறவர்களுக்கு இதையே சொல்வேன். ஒட்டி முடித்ததும் கண்ணாடியோடு சேர்த்து மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள், அந்த எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.