புள்ளியியலுக்கு ஆர், மற்றதற்குப் பைத்தான்

ஆர், பைத்தான் என்ற நிரல்மொழிகள் போன்ற ஓப்பன் சோர்ஸ் புள்ளியியல் கருவிகள் என்றாலே பேச்சு வேகத்தில் போய் நிற்கும். நான் முதலில் பார்ப்பது வேறு: நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கருவி தானாக என்ன செய்கிறது?

2, 4, 6 என்று மூன்றே எண்கள். ஆரில் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) கேட்டால் 2 வரும். பைத்தானில் நம்பை என்ற கணக்குத் தொகுப்பிடம் கேட்டால் 1.63. அதே பைத்தானில் பாண்டாஸ் என்ற அட்டவணைத் தொகுப்பிடம் கேட்டால் மறுபடியும் 2. நம்பை மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறது. மற்ற இரண்டும் அதில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்கின்றன. இரண்டுமே சரியான சூத்திரங்கள்தான். ஆனால் ஒரே நிரலில் இவை கலந்துவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. பைத்தானின் இன்னொரு தொகுப்பான சைகிட்-லேர்னில், ஆம்-இல்லை விடைகளைக் கணிக்கும் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு காரணியின் தாக்கத்தைச் சொல்லும் குணகங்களைக் கேட்காமலே பூஜ்யத்தை நோக்கிச் சுருக்கிவிடும். கணிப்புக்கு அது நல்லது. குணகத்துக்கு விளக்கம் எழுத வேண்டியவர் பாடு திண்டாட்டம். ஆர் இப்படிச் செய்யாது. ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் தொடங்கிய மொழி, அந்த வளர்ப்பு தெரிகிறது.

படம் வரைவதிலும் எனக்கு ஆரின் ஜிஜிபிளாட்2 தொகுப்புதான். பால்மர் பென்குயின் தரவில் 344 பறவைகள், மூன்று இனங்கள். அலகின் நீளத்தையும் தடிமனையும் புள்ளிகளாக இட்டு ஒரு கோடு வரைந்தால், நீளம் கூடக் கூடத் தடிமன் குறைவதுபோல் கோடு இறங்கும். 'நிறம் இனத்தைப் பொறுத்தது' என்று ஒரு சிறு துண்டைச் சேர்த்தால் போதும், கோடு மூன்றாகப் பிரிந்து மூன்றும் மேலே ஏறும். மொத்தத்தில் தெரியும் போக்கு, குழுக்களாகப் பிரித்தால் தலைகீழாகும் இந்தச் சிம்ப்சன் முரண்பாட்டை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. பைத்தானின் படம் வரையும் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் இதற்கு ஒவ்வோர் இனத்துக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப் எழுதி, கோட்டைத் தனியே கணக்கிட வேண்டும். அதன்மேல் கட்டப்பட்ட சீபார்னில் ஒரே வரியில் முடியும், ஆனால் அச்சின் எழுத்தை நகர்த்த வேண்டுமென்றால் மறுபடி மேட்பிளாட்லிப்பிடம்தான் போக வேண்டும்.

அப்புறம், படத்துக்குத் தமிழ்த் தலைப்பு. நான் வைத்திருக்கும் மேட்பிளாட்லிப் பதிப்பில் முதலில் வெறும் கட்டங்கள் வந்தன. தமிழ் எழுத்துரு கொடுத்த பிறகும் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நின்றது. ஆரில் ராக் என்ற தொகுப்பு வழியாகச் சேமித்தால் எழுத்து ஒழுங்காக வருகிறது.

ஆரிலும் எரிச்சல் உண்டு. அதன் பிழைச்செய்திகள் யாருக்காக எழுதப்பட்டவையோ! 'க்ளோஷர் இஸ் நாட் சப்செட்டபிள்' என்று வந்தால், பெரும்பாலும் ஒரு ஃபங்ஷனின் பெயரைத் தரவு என்று நினைத்து அடைப்புக்குறி போட்டிருப்பீர்கள். 2020இல் 4.0 வரும்வரை, கோப்பில் இருந்த சொற்களையெல்லாம் கேட்காமலே ஃபேக்டராக, அதாவது வகைப்பெயர்களாக, மாற்றிக்கொண்டும் இருந்தது. இணையத்திலிருந்து தரவு திரட்டவோ ஒரு மாடலைச் செயலிக்குள் பொருத்தவோ நான் ஆரைத் தொடுவதில்லை, அங்கே பைத்தான்தான்.

ஜூலியா என்ற இன்னொரு நிரல்மொழி? கனமான சிமுலேஷன் இருந்தால் பாருங்கள். தினசரி அட்டவணை வேலைக்கு இன்னும் எனக்கு அவசியம் வரவில்லை.